படைவீரர் நலத்திட்டங்களை அளப்பது எப்படி?

கேள்வி: குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், மனநல ஆலோசனை எனப் படைவீரர் நலனுக்காகப் பல நாடுகள் பெருந்தொகை செலவிடுகின்றன. அவற்றால் பலன் உண்டா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற தலைக்கணக்கையும், வந்தவர்களுக்குத் திருப்திதானா என்ற கருத்துக்கணிப்பையும் வைத்துத்தான். இரண்டிலும் ஓட்டை உண்டு. கருத்துக்கணிப்புப் படிவம் பணியில் இருப்பவர்களின் கைக்கே போய்ச் சேருகிறது. வீட்டுத் தொல்லை தாளாமல் சீருடையைக் கழற்றிவிட்டுப் போனவரின் குறை பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. காப்பகத்தைப் பயன்படுத்தும் பெற்றோர் நெடுநாள் பணியில் நீடிக்கிறார்கள் என்று தெரியவந்தாலும், அவர்களை நிறுத்தி வைத்தது காப்பகம்தான் என்று சொல்லிவிட முடியாது. நீடிப்பது என்று முன்பே முடிவு செய்தவர்களே அங்கே குழந்தையைச் சேர்த்திருக்கலாம்.

ஏட்டுக் கணக்கு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை ஒன்றே போதும். வீரர் விடுதிகளை நேரில் போய்ப் பார்த்த தணிக்கையாளர்கள் பூஞ்சை படர்ந்த சுவர்களையும் கழிவுநீர்ப் பெருக்கையும் கண்டார்கள். குழாய், மின்சாரக் கோளாறுகள் தீராததால் மூடப்பட்ட ஒரு விடுதிக்கு, ஆவணத்தில் 100-க்கு 80-க்கும் மேலான மதிப்பெண் இருந்தது. ஆள் குடியிருக்க முடியாத கட்டடம் முதல் வகுப்பில் தேறியிருக்கிறது!

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. எல்லாப் படைத்தளங்களிலும் ஒரே நாளில் ஒரு திட்டத்தைத் தொடங்கப் பெரும்பாலும் நிதி இருப்பதில்லை. அந்தப் பற்றாக்குறையே மதிப்பீட்டாளருக்கு வாய்ப்பாகிறது. திட்டம் முதலில் கிடைத்த தளங்களையும், இன்னும் கிடைக்காத, மற்றபடி ஒத்த தன்மையுள்ள தளங்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் பணி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தவர்களின் விகிதம் முன்னும் பின்னும் எப்படி மாறியது என்று ஒப்பிடலாம். இடையில் ஊதிய உயர்வு வந்தாலும் அது இரு தரப்புக்கும் பொது என்பதால் கணக்கைக் குழப்பாது. 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பைக் கைவிட்ட அமெரிக்கா போன்ற நாடுகளில், பயிற்சி பெற்றவரை இழக்காமல் இருப்பது பெருங்கவலை என்பதால் இந்த விகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் எல்லாத் திட்டங்களையும் இந்த ஒரே கோலால் அளப்பது தவறு என்பது என் கருத்து. மனநல ஆலோசனை பெற்றுத் தேறிய ஒருவர் பிறகு பணியை விட்டு விலகினாலும், அந்தத் திட்டம் தோற்றுவிட்டதாகாது. எதற்காகத் தொடங்குகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தால்தான் இந்தக் குழப்பம் வராது. காப்பகத்தைப் பொறுத்தவரை, உள்ளே எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன், ஓர் இடத்துக்காக ஒரு தாய் எத்தனை மாதம் காத்திருக்கிறார் என்று கேட்பேன்.