பழைய வழக்கு ஒன்று இருந்தால் சட்டத்தரணி ஆக முடியாதா?

தண்டம் கட்டி முடிந்த ஒரு வழக்கு இருக்கிறது, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிப்பது வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வயது இருக்கும் என்று நினைக்கிறேன். படியுங்கள். என் பெயரிலும் ஒரு வழக்கு இருந்தது. நானும் சத்தியப்பிரமாணம் எடுத்தவன்தான்.

உயர்தரம் எழுதிவிட்டு சும்மா இருந்த காலம். மாமாவின் உழவு இயந்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரான் பக்கமிருந்து மணல் ஏற்றி வந்தேன். அனுமதிப்பத்திரம் முந்தின நாளோடு முடிந்திருந்தது. பொலிஸ் மறித்தபோது பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போதுதான் அள்ளியது என்று சொல்ல வேறு சாட்சி தேவையில்லை. "ஒப்புக்கொண்டா இண்டைக்கே வீட்ட போகலாம்" என்றார் மாமா. ஒப்புக்கொண்டேன். அங்கேதான் பிழை விட்டேன். ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருந்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவைக் கேட்டாவது பார்த்திருப்பார். வயது, முன்நடத்தை, குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே எச்சரித்து விட நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

பிறகு சட்டத்தரணி ஆவதற்கான ஆறு மாதப் பயிற்சிக்குப் போனபோது, பயிற்சி தந்த சீனியர் சட்டத்தரணியிடம் பயந்து பயந்து சொன்னேன். அவர் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. "வழக்கேட்டுப் பிரதிய எடுத்துக்கொண்டு வா மனே, பிறகு கதைப்பம்." பதிவறையில் இரண்டு நாள் தூசு தின்று எடுத்தேன். மொத்தம் நாலு வரி, அதிலும் என் பெயர் பிழை. சட்டத்தரணியாகச் சேரக் கொடுத்த சத்தியக் கடதாசியில் அந்த வழக்கைச் சொல்லி, பிரதியையும் இணைத்துக் கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சட்டத்தரணியாகச் சேர, இலங்கையின் 1978ஆம் ஆண்டு 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு கேட்பது நற்பெயரும் அறிவும் திறமையும். இன்ன குற்றத்துக்கு இத்தனை வருடம் என்று அதில் பட்டியல் கிடையாது. அதற்காகக் களவு, மோசடி, பொய்ச்சத்தியம் எல்லாம் இப்படியே போய்விடும் என்று நான் சொன்னதாகக் கீழே வந்து சண்டை பிடிக்காதீர்கள். சேர்ந்த பிறகுகூட வஞ்சகம், குற்றச்செயல் என்றால் 42ஆம் பிரிவில் பெயரை வெட்டலாம்.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. என்னை மறித்துவைத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் மணலோடு நாலு டிப்பர் எங்களைத் தாண்டிப் போனது. இன்றைக்கும் மணல் வழக்கு என்று கூப்பிட்டால் எழும்பி நிற்பது உழவு இயந்திரக்காரப் பொடியன்கள்தான். அவர்களுக்கு நான் காசு வாங்குவதில்லை.