கர்ப்பிணி வெளியில் சாப்பிடும்போது தெரியாதவர்கள் தடுப்பது சரியா?

கேள்வி: "ஐந்து மாதம் முடிந்து வயிறு வெளியே தெரிகிறது. பஸ் ஸ்டாண்டில் அன்னாசித் துண்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா தட்டை என் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டுவிட்டார். சுற்றி நின்றவர்களும் அவருக்குத்தான் பரிந்து பேசினார்கள். இவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா? இதை எப்படிச் சமாளிப்பது?"

உங்கள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கியது தப்பு. பாசத்தில் செய்திருந்தாலும் தப்புதான். சுற்றி நின்றவர்களில் ஒருவராவது "விடுங்கம்மா, அவங்க டாக்டரைக் கேட்டுக்குவாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்னாசி சாப்பிட்டால் கரு கலையும் என்ற பயத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதில் புரோமெலைன் என்று ஒரு நொதி இருப்பது உண்மை. அது பெரும்பாலும் தண்டிலும் நடுத்தண்டிலும்தான் இருக்கிறது. நாம் சாப்பிடும் நாலு துண்டில் இருக்கும் கொஞ்சமும் வயிற்றிலேயே செரித்துவிடும். அதிகம் சாப்பிட்டால் நெஞ்சு எரியும், அவ்வளவுதான். தள்ளுவண்டிப் பழத்தில் பார்க்க வேண்டியது வேறு: எப்போது வெட்டினார்கள், மூடி வைத்திருக்கிறார்களா, எந்தத் தண்ணீரில் கழுவினார்கள். அந்த அம்மா இதையெல்லாம் கேட்டிருந்தால் நான் அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று முடிவு செய்வார்கள். அக்காவுக்கு அதைத் தாண்டிப் போய், சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் அடங்காமல், இன்சுலின் போட வேண்டியதாகிவிட்டது. பழம் சாப்பிடலாம், துண்டாகச் சாப்பிடு, ஜூஸாகக் குடிக்காதே என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் செக்கப் முடிந்து வரும் வழியில் ஒரு ஜூஸ் கடையில் பப்பாளி ஒரு தட்டு கேட்டாள். நன்றாகப் பழுத்து, அறுத்து வைத்திருந்த பழம். கடைக்காரர் அவள் வயிற்றைப் பார்த்தார். "பப்பாளி உங்களுக்குக் குடுக்கமாட்டனுங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அவள் கேட்காமலே மாதுளம்பழ ஜூஸ் போட ஆரம்பித்தார். மிக்ஸியில் மூன்று கரண்டி சர்க்கரை விழுந்ததை நானே பார்த்தேன். "எனக்குச் சர்க்கரை இருக்குங்க அண்ணா" என்று அக்கா சொன்னதற்கு, பின்னால் நின்றவர் ஒருவர் "மாதுளை ரத்தம் ஊறும், குடிங்க" என்றார். வயிற்றைப் பார்த்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு எது ஆகாதோ அதைக் கையில் கொடுத்துவிட்டு, அவள் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதை மறுத்தார்கள்.

பஸ்ஸில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சடாரென இறங்கிவிடும். கோபியிலிருந்து ஈரோடு வரும் பஸ்ஸில் அவளுக்குக் கை நடுங்கி, நெற்றி வியர்த்து, உதடு வெளுத்துவிட்டது. பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டாள். பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிப்புத் திங்காத கண்ணு, கொழந்த பெருத்துப் போகும், அப்புறம் வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கோணும்." அந்தக் கையை விடுவித்துக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை. நான்தான் விடுவித்தேன். அந்தப் பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் சாப்பிடாமல் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

பப்பாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் அடிபடும் பெயர் அதுதான். இந்த நம்பிக்கை முழுப் பொய் இல்லை. பப்பாளிக் காயில் பால் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எலிகளை வைத்து இதை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்டார்கள். காயின் பால் எலியின் கருப்பைத் தசையைச் சுருங்கவைத்தது. பழுத்த பழம் தின்ற கர்ப்பிணி எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் காயையும் செங்காயையும் தவிர்ப்பது நல்லது. மஞ்சளாகக் கனிந்த பழத்தில் ஃபோலேட்டும் வைட்டமின் சியும் இருக்கின்றன, இரண்டும் கர்ப்பிணிக்கு வேண்டியவை. பெரியவர்கள் காயைப் பார்த்துச் சொன்ன எச்சரிக்கை பழத்துக்கும் சேர்த்து ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காபியும் அப்படித்தான். நான் மாசமாக இருந்தபோது ஆபீஸ் கேன்டீனில் டம்ளரைக் கையில் எடுத்தாலே யாராவது ஒருவர் "கொழந்த கருப்பாப் பொறக்கும்" என்பார். நிறத்துக்கும் காபிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, குங்குமப்பூவுக்கும் இல்லை. அளவு என்று ஒன்று இருக்கிறது: பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீன் வரை என்கிறார்கள், உலக சுகாதார நிறுவனம் 300க்கு மேல் போகிறவர்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு பெரிய குவளை இன்ஸ்டன்ட் காபியில் ஏறக்குறைய 100 இருக்கும். நம் டம்ளர் அதைவிடச் சின்னது, பாதிக்கு மேல் பால். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று குடித்தால் குடி முழுகிப் போகாது. சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்காதீர்கள். காபியும் டீயும் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

என் சித்தி கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபி பக்கம் ஊர் ஊராகச் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்தவர். அவர் சொல்லும் ஒன்றை நான் மறப்பதில்லை: "அதைத் தின்னு கெட்டுப்போனவளை நான் அதிகம் பார்த்ததில்ல சாமி. தின்னாம கெட்டுப்போனவளுகளைத்தான் பார்த்திருக்கேன்." கத்தரிக்காய் கரப்பான், முட்டை சூடு, வாழைப்பழம் சளி, நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் தட்டில் ரசம் சாதம்தான் மிச்சம். இரும்பு மாத்திரை தின்றால் குழந்தை கருக்கும் என்று மாத்திரையைக் கூரை எரவாணத்தில் செருகிவைத்த வீடுகளையும் அவர் பார்த்திருக்கிறார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் நம் அரசு பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் பெட்டகமாகக் கொடுப்பது இதற்காகத்தான். ஒரு பக்கம் சாப்பிடு சாப்பிடு என்று அரசாங்கம் கொடுக்கிறது, இன்னொரு பக்கம் தெருவில் போகிறவர்கள் சாப்பிடாதே என்கிறார்கள்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் ஞாபகம் இருக்கும். ஈரோடு, கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையமாகத் தெரிந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்று தாண்டித்தான் விட்டது. நான் அப்போது ஏழு மாதம். எங்கள் தெருவில், அதுவரை என்னிடம் பேசியே இராத இரண்டு பேர் கதவைத் தட்டி, அடுப்புப் பற்றவைத்தேனா, வாயில் ஏதாவது போட்டேனா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட வயிறு, மறுநாள் பகல் பதினொன்று வரை காலியாக இருக்க வேண்டும் என்றால் பதினைந்து மணி நேரம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு! சித்தி போனில் கூப்பிட்டு, "நாலு இட்டிலியும் சட்னியும் வெச்சுச் சாப்புடு" என்றார். சாப்பிட்டேன். என் மகள் நன்றாக இருக்கிறாள்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதிப்பது வேறொன்று. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒரு கல்யாண வீட்டில் அவர் எள்ளுருண்டை சாப்பிட்டதை யாரோ பார்த்து, "சூடாச்சே, இதையா திங்கறே?" என்று கேட்டிருந்தார்கள். கேட்டவருக்கு அது அன்றோடு மறந்திருக்கும். இவர் பல வருஷமாக அந்த எள்ளுருண்டையைச் சுமக்கிறார். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. கரு உருவாகும்போதே நேர்ந்துவிடும் விஷயம் அது, தாய் தின்றதாலோ நடந்ததாலோ வருவதில்லை. டாக்டர் அதைப் பொறுமையாகச் சொல்லியும் இவர் மனசு ஆறவில்லை. போகிற போக்கில் ஒருவர் சொல்லும் சொல், பின்னால் ஏதாவது தவறாகிவிட்டால், அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கி உட்காரவைத்துவிடுகிறது. அதனால்தான் இதைச் சின்ன விஷயமாக என்னால் விட முடியவில்லை.

அக்கறையால்தானே சொல்கிறார்கள் என்பார்கள். பலர் அக்கறையால்தான் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கறை வாயோடு நின்றுவிடுகிறது. கட்டட வேலையில் ஆறு மாத வயிற்றோடு கல் சுமக்கும் பெண்ணிடம், "சட்டியைக் கீழே வை, நான் பேசிக்கறேன் மேஸ்திரிகிட்ட" என்று யார் போய்ச் சொல்கிறார்கள்? அவள் வாசலில் உட்கார்ந்து ஒரு பன்னைத் தின்னும்போது மட்டும் "வெளியே உக்காந்து திங்காதே, கண்ணு பட்டுரும்" என்கிறோம். அவளுக்கு உட்கார வேறு இடம் எங்கே இருக்கிறது? பஸ் ஸ்டாண்டில் அன்னாசியைத் தட்டிவிட ஆள் உண்டு. அங்கே அவள் போய்வர ஒரு சுத்தமான கழிப்பறை இல்லை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வீடு போய்ச் சேரும் கர்ப்பிணிகள் எத்தனையோ பேர். அதனால் வரும் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் பப்பாளியைவிடப் பெரிய ஆபத்து.

வெளிநாட்டில் இருப்பவர்கள், "அப்படியானால் மது குடித்தாலும் கேட்கக் கூடாதா?" என்பார்கள். கர்ப்பத்தில் மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குடிக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மதுவால் குழந்தைக்கு வரும் பாதிப்புக்கு 1973 இல் பெயர் வைத்தவர்களே அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள்தான். அதே சியாட்டிலுக்குப் பக்கத்தில் 1991 இல், ஓர் உணவகத்தில் மது கேட்ட கர்ப்பிணியைத் தடுக்கப் பார்த்த இரண்டு ஊழியர்களுக்கு வேலை போனது. நாடே இரண்டு பக்கமாக நின்று பேசியது. 2016 இல் நியூயார்க் மாநகர மனித உரிமை ஆணையம், கர்ப்பிணி என்பதற்காக மட்டும் மதுவையோ பச்சை மீனையோ தர மறுப்பது பாகுபாடு என்று வழிகாட்டுதல் கொடுத்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. மதுவைப் பற்றி அவளிடம் பேச வேண்டியவர் அவளுடைய மருத்துவர். அவர் பேசினால் அவள் கேட்பாள். பரிமாறுகிறவர் நாலு பேர் முன்னால் மறுத்தால் அவமானம்தான் மிச்சம், அடுத்த முறை ஒளித்துக் குடிப்பாள்.

சரி, சமாளிப்பது எப்படி என்று கேட்டீர்கள். "டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்ற ஒரு வரி போதும். முக்கால்வாசிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். விளக்கம் சொல்லாதீர்கள், சொன்னால் பேச்சு வளரும். வயதானவர்கள் என்றால் "சரிங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கையில் இருப்பதைப் பிடுங்கினாலோ வயிற்றில் கை வைத்தாலோ சத்தமாகவே "கையை எடுங்க" என்று சொல்லுங்கள். கடைக்காரர் தரமாட்டேன் என்றால் அவர் கொடுக்கும் வேறொன்றை வாங்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். கூட வீட்டுக்காரர் இருந்தால் பேச வேண்டியவர் அவர்தான், இதை வீட்டிலேயே அவரிடம் சொல்லி வையுங்கள். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றால் ஊர் முழுக்கப் பேசும்.

உண்மையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, சரியாக வேகாத கறி, பச்சையாக முளைகட்டிய பயறு வேண்டாம். சுறா மீனில் பாதரசம் அதிகம், அதை விட்டுவிடுங்கள். மத்தியும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாம். இரும்பு மாத்திரையை விடாதீர்கள், கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் உடம்புக்கு மட்டும் ஆகாதது ஏதாவது இருக்கிறதா என்று அடுத்த செக்கப்பில் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டு, அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.