அலையை ஒட்டி வரும் ஏவுகணை

கேள்வி: இவ்வளவு பெரிய ரேடார் இருந்தும் போர்க்கப்பல்கள் ஏவுகணையிடம் எப்படி அடிவாங்குகின்றன? ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு மூழ்கியதைப் பற்றிப் படித்தேன்.
– ஒரு கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: நான் கடற்படையில் பல வருஷம் ரேடார் திரை முன் உட்கார்ந்தவன். கடல் கொந்தளிக்கும் நாளில் அலைகளே திரை முழுக்கப் புள்ளிகளாகத் தெரியும். அதற்குள் சின்னதாக ஒன்று வந்தால் பிரித்தறிவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும் அம்மா.

ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, கடலோ வளைந்திருக்கிறது. எக்ஸோசெட் ஏவுகணை நீரிலிருந்து சில மீட்டர் உயரத்தில் பறக்கும். 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடாருக்கு அது சுமார் 25 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரியும். விநாடிக்கு 300 மீட்டர் வேகம் என்றால் கையில் இருப்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. ஏவுகணை பெரும்பாலான தூரத்தைத் தன் ரேடாரை இயக்காமலே கடந்துவிடும். கடைசியில்தான் இயக்கி இலக்கைத் தேடும்.

1982 மே 4 அன்று அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எடான்டார் விமானங்கள் தாழப் பறந்து வந்தன. சற்றே மேலெழும்பி ரேடாரைப் போட்டுப் பார்த்து, ஆளுக்கொரு எக்ஸோசெட்டை ஏவின. அந்த ரேடார் அலையை பிரிட்டனின் இன்னொரு போர்க்கப்பலான கிளாஸ்கோ பிடித்துவிட்டது. எல்லாருக்கும் எச்சரிக்கை கொடுத்து, ஏவுகணையை ஏமாற்ற சாஃப் என்கிற உலோகப்பூச்சு இழைகளையும் வானில் தூவியது. ஷெஃபீல்டில் அந்த நேரம் செயற்கைக்கோள் தொடர்பு ஓடிக்கொண்டிருந்தது. எதிரி ரேடாரை உணரும் கருவிக்கு அதுவே இடைஞ்சல். சாஃப் தூவவே இல்லை. ஒரு ஏவுகணை வலப்பக்கத்தில் பாய்ந்தது. தீயணைக்கும் தண்ணீர்க்குழாயும் உடைந்தது. 20 பேர் இறந்தார்கள். மே 10 அன்று, இழுத்துச் செல்லும் வழியில் கப்பல் மூழ்கியது. ஷெஃபீல்டின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும்.

சாஃப் இழையின் நீளம், ஏமாற்ற வேண்டிய ரேடார் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். அப்போதுதான் இழைக்கூட்டம் கப்பல்போலப் பளிச்சென்று எதிரொலிக்கும், ஏவுகணை அதைத் தேடிப் போகும். சரி, அதைக் கடந்து வெளியே வந்த பிறகு? அது மறுபடியும் தேடும். மே 25 அன்று போர்க்கப்பல்களின் சாஃபில் ஏமாந்த எக்ஸோசெட் தாக்குதல், சாஃப் வசதியே இல்லாத அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலில் போய் முடிந்தது. அதன் கேப்டன் இயன் நார்த் உட்பட 12 பேர் இறந்தார்கள்.