திடக்கட்டியில் ஊசியால் திசு எடுக்கும்போது எந்த உறிஞ்சல் முறை மேலானது?

கணையக் கட்டியிலிருந்து எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (வாய்வழியே செலுத்தும் குழாயின் முனையிலுள்ள அல்ட்ராசவுண்ட் கருவி) வழியாகத் திசு எடுக்கும்போது சிரிஞ்சு மாட்டி உறிஞ்சுவதா, ஸ்டைலெட்டை (ஊசிக்குள் இருக்கும் மெல்லிய கம்பி) மெல்ல உருவுவதா, ஊசியில் சலைன் (உப்பு நீர்) நிரப்பி உறிஞ்சுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் ஊசியைச் செலுத்தும்போது அருகில் நின்று சிரிஞ்சையும் ஸ்டைலெட்டையும் கையாளும் உதவியாளன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

இம்மூன்றுக்கும் அடிப்படை வேறுபாடு, ஊசிமுனையில் விழும் இழுவிசை எவ்வளவு என்பதே. உலர் உறிஞ்சலில் ஸ்டைலெட்டை எடுத்துவிட்டு, முன்பே இழுத்துப் பூட்டிய 10 மி.லி. சிரிஞ்சை மாட்டித் திருகு வால்வைத் திறக்கிறோம். சலைன் முறையிலும் அதே சிரிஞ்சுதான். ஆனால் ஊசியின் நீண்ட குழாயில் காற்றுக்குப் பதில் சலைன் நிற்கிறது. காற்று விரிந்து கொடுக்கும், நீர் விரியாது. ஆகவே சிரிஞ்சின் இழுப்பு முனைவரை அதிகம் தளராமல் போய்ச் சேருகிறது. ஸ்டைலெட்டை உருவும் முறையில் உண்டாகும் இழுப்பு மிகச் சிறியது. மெல்ல என்றால், மருத்துவர் கட்டிக்குள் ஊசியை முன்னும் பின்னும் அசைத்து முடிக்கும்வரை ஸ்டைலெட் முழுதும் வெளியே வந்துவிடாதபடி உருவ வேண்டும்; புதிதாக வருபவர்கள் நான்கைந்து அசைவுகளுக்குள் உருவிவிட்டு வெறுங்கையுடன் நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இழுப்பு கூடினால் திசு கூடும் என்பது பாதி உண்மை, இரத்தமும் கூடும். கணையப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நார்த்திசு நிறைந்து இறுகியிருப்பதால் செல்கள் எளிதில் பெயர்ந்து வருவதில்லை. அங்கே வலுவான உறிஞ்சலுக்கு நியாயம் உண்டு. இரத்த ஓட்டம் மிகுந்த நியூரோஎண்டோகிரைன் கட்டியிலும் (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தோன்றுவது) சில நிணநீர்க் கணுக்களிலும் அதே இழுப்பைக் கொடுத்தால், ஸ்லைடு முழுவதும் சிவந்து, செல்களைத் தேடுவதே பெரும்பாடாகிவிடும். அத்தகைய இடங்களில் ஸ்டைலெட்டை உருவும் முறையையே நான் விரும்புகிறேன்.

ஐரோப்பிய எண்டோஸ்கோபிச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி, 22 அல்லது 25 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு; எண் கூடினால் ஊசி மெலியும்) ஆஸ்பிரேஷன் ஊசிகளுக்கு, அதாவது செல்களை உறிஞ்சி எடுக்கும் ஊசிகளுக்கு, 10 மி.லி. சிரிஞ்சு உறிஞ்சலைப் பரிந்துரைத்தது. முனையில் வெட்டும் விளிம்புகளுள்ள பயாப்சி ஊசிகள் பரவிய பிறகு, திசுவை வெட்டி எடுக்கும் வேலையை ஊசியே பெரிதும் செய்துவிடுவதால், உறிஞ்சலின் பங்கு குறைந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

எங்கள் அறையில் முறையை முன்கூட்டியே முடிவு செய்வதைவிட, முதல் குத்தலில் வந்ததைப் பார்த்தே அடுத்ததைத் தீர்மானிக்கிறோம். ஸ்டைலெட்டை மீண்டும் உள்ளே தள்ளும்போது வெண்மையான, புழுப்போன்ற துண்டு ஸ்லைடில் இறங்கினால் அதே முறை தொடரும். உறைந்த இரத்தம் மட்டும் வந்தால் இழுப்பைக் குறைப்போம். ஏறத்தாழ ஒன்றுமே வராவிட்டால் சலைனுக்கு மாறுவோம். சலைன் முறையில் மாதிரி நீர்த்து வருவதால் ஸ்லைடில் தேய்ப்பது சற்றுத் தொல்லை. பார்மலின் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) குப்பிக்குப் போகும் துண்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சிரிஞ்சு மாட்டும் எந்த முறையானாலும் ஊசியைக் கட்டியிலிருந்து வெளியே இழுக்குமுன் வால்வை மூட மறக்காதீர்கள். மறந்தால் வரும் வழியில் இரைப்பைச் சுவரின் செல்களும் குழாய்க்குள் ஏறி, நோயியல் மருத்துவரைக் குழப்பும்.