கரண்ட் போய் வந்தால் ராஸ்பெர்ரி பை வைஃபையில் சேர மாட்டேன் என்கிறது. திரையும் கீபோர்டும் இல்லாமல் எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: பெருந்துறைப் பக்கம் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு ராஸ்பெர்ரி பை 3, அதாவது கையளவுக் கணினி போர்டு. ரவுட்டர் வீட்டில், நடுவில் வைஃபையை வாங்கி நீட்டித்துத் தரும் ஒரு எக்ஸ்டெண்டர். கரண்ட் வந்ததும் போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் நெட்வொர்க்கில் ஆளைக் காணோம். யூடியூபில் சொன்னபடி மெமரி கார்டின் பூட் பார்ட்டிஷனில், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பைப் போட்டும் பலனில்லை. ஒவ்வொரு தடவையும் டிவியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கோப்பை விட்டுத்தள்ளுங்கள். 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் வைஃபையைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள். பழைய கோப்பை அது திரும்பியும் பார்க்காது. தமிழோ ஆங்கிலமோ, அதற்கு முந்தைய வீடியோக்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலேயே செல்லாதவை. கார்டில் ஓஎஸ் எழுதும் இமேஜர் மென்பொருளிலேயே வைஃபை பெயர், கடவுச்சொல், நாடு, எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகப் பைக்குள் போய்க் கட்டளை கொடுக்கும் வழி) எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். நாடு அமையாவிட்டால் வைஃபை ரேடியோ முடங்கியே கிடக்கும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் டெர்மினலில் என்எம்டியூஐ என்ற மெனு இருக்கிறது. நுணுக்கமான அமைப்புகளுக்கு என்எம்சிஎல்ஐ என்ற கட்டளை.

இன்னொன்று, பை 3 பி போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் 2018-இல் வந்த 3 பி ப்ளஸ்ஸில்தான் சேர்ந்தது. ஜீரோ 2 டபிள்யூ அதற்குப் பின் வந்தும் 2.4 மட்டுமே. ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் சரியான பெயரைக் கொடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 மட்டும் என்றிருந்தால் 2-ஐயும் அனுமதியுங்கள்.

இப்போது கரண்ட் விஷயம். கரண்ட் வந்ததும் எக்ஸ்டெண்டர் சீக்கிரமே எழுந்து வைஃபை பெயரைக் காட்ட ஆரம்பித்துவிடும். ஐபி முகவரி தர வேண்டிய ரவுட்டரோ இன்னும் எழுந்திருக்காது. பை சேரப் பார்க்கும், முகவரி கிடைக்காது, மறுபடி பார்க்கும். இயல்பாக 4 தடவை முயன்றுவிட்டு நெட்வொர்க்மேனேஜர் கொஞ்ச நேரம் ஒதுங்கிவிடும். என்எம்சிஎல்ஐ-யில் அந்தக் கனெக்ஷனின் ஆட்டோகனெக்ட் ரீட்ரைஸ் மதிப்பை 0 ஆக்கினால் கிடைக்கிறவரை முயன்றுகொண்டே இருக்கும். கூடவே வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கிவிடுங்கள், 2 என்றால் நிறுத்து என்று பொருள். எஸ்எஸ்எச் விட்டுவிட்டு வேலை செய்வது பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, உள்ளே போக இரண்டாவது வழி. உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டையும் ஒரு கனெக்ஷனாகச் சேமித்து, அதன் ஆட்டோகனெக்ட் பிரயாரிட்டியை வீட்டு வைஃபையைவிடக் குறைவாக வையுங்கள். எண் பெரிதாக இருப்பதற்குத்தான் முன்னுரிமை. வீட்டு வைஃபை பெயரே தெரியாமல் படுத்துவிட்டால் மோட்டார் ரூம் வாசலில் நின்று ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள், பை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். போனிலிருந்தே எஸ்எஸ்எச் போட்டு உள்ளே போய்விடலாம். ஹாட்ஸ்பாட் 2.4-இல் இருக்க வேண்டும், இதை மட்டும் மறக்க வேண்டாம். டிவிக்கு இனி தோட்டத்தில் வேலை இல்லை.

ஆனால் எந்த அமைப்பும் தகரத்தையும் கம்பியையும் ஜெயிக்காது. பல்லடம் பக்கம் மாமாவின் கறிக்கோழிப் பண்ணையில் ஷெட்டுக்குள் சூடு பார்க்க ஒரு பை வைத்திருக்கிறோம். "மாப்ள, உன்ற பொட்டி மறுக்காத் தூங்கிருச்சு" என்று மாமா அடிக்கடி போன் போடுவார். நெட்வொர்க்மேனேஜரில் ஒரு குறையும் இல்லை. மேலே தகரக் கூரை, நான்கு பக்கமும் கோழி வலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். விரல் நுழையும் கண் உள்ள வலை அதற்குக் கிட்டத்தட்டச் சுவர் மாதிரி. ஐடபிள்யூ கட்டளையில் சிக்னல் பார்த்தால் மைனஸ் 80 டிபிஎம்-ஐ ஒட்டி நின்றது. மைனஸ் 67-க்கு மேலே இருந்தால் நிம்மதி, மைனஸ் 75-ஐத் தாண்டிக் கீழே போனால் தினமும் ரோதனைதான். போர்டை வலைக்கு வெளியே, வீட்டைப் பார்த்த தூணில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மாட்டி, சென்சார் ஒயரை மட்டும் உள்ளே விட்டோம். சூடு அளக்கும் டிஎஸ் 18பி20 சென்சாருக்குச் சில மீட்டர் ஒயர் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் மோட்டார் ரூமுக்கும் இரும்புக் கதவு இருந்தால் இதையே செய்யுங்கள். உலோகப் பெட்டி வேண்டாம், ஆன்டெனா போர்டிலேயே இருக்கிறது.

அப்புறம் சார்ஜர். மெல்லிசான நீள ஒயரோடு பழைய போன் சார்ஜர் போட்டிருந்தால், மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் இறங்கி பை தடுமாறும். கர்னல் பதிவில் (ஓஎஸ் எழுதிவைக்கும் குறிப்பில்) அண்டர்வோல்டேஜ் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வைஃபையைத் திட்டுவதில் பயனில்லை, 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் நல்ல அடாப்டர் வாங்குங்கள்.

ஐபி முகவரியைப் பையில் நிரந்தரமாக எழுதுவதைவிட ரவுட்டரில் ரிசர்வ் செய்வது எனக்குப் பிடித்த வழி. கார்டு கெட்டுப்போய் புதுசு போட்டாலும் அதே முகவரி வரும். எஸ்எஸ்எச்சில் இருந்துகொண்டு என்எம்சிஎல்ஐ-யில் கனெக்ஷனை டவுன் செய்யாதீர்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இணைப்பே அறுந்துவிடும். மாற்றத்தைச் சேமித்துவிட்டு அப் மட்டும் கொடுத்தால் போதும், புது அமைப்போடு அதுவே மறுபடி சேரும். நாளைக்கு ரவுட்டரை மாற்றினால் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் புதிதிலும் அப்படியே வைத்துவிடுங்கள், பைக்கு மாற்றியதே தெரியாது.