எஞ்சின் நின்றால் தேயிலை மலையில் இறங்கலாமா?

எஞ்சின் நின்றதும் சிறிய விமானம் கல்லைப் போல விழுந்துவிடாதா? – வாசகி, தலவாக்கலை

விழாது. செஸ்னா 172 போன்ற விமானம், காற்று அமைதியாக இருந்தால், 1,000 அடி இறங்குவதற்குள் இரண்டரைக் கிலோமீட்டராவது சறுக்கிப் போகும். உங்கள் பக்கத்தில் தரையே எழும்பி எதிரே வருகிறது, அதுதான் தொல்லை.

அப்படியானால் ஏன் உயிர் போகிறது? – வாசகர், ஹட்டன்

பெரும்பாலும் ஆசையால். ‘இன்னும் கொஞ்சம் போனால் அந்த மைதானம்’ என்று விமானி மூக்கைத் தூக்குவார். வேகம் குறையும், ஓர் எல்லைக்குக் கீழே போனதும் இறக்கை விமானத்தைத் தாங்காது. ஒரு பக்கம் சரிந்து, தலைகுப்புறச் சுழன்று விழும். அந்த உயரத்தில் மீட்க நேரமில்லை. மைதானத்தை மறந்து, கட்டுப்பாட்டோடு புதருக்குள் நுழைந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 40 கடல் மைலிலிருந்து 60 ஆனால் அடியின் வலு இரண்டு மடங்குக்கும் மேல். நுவரெலியா உயரத்தில் கருவி காட்டுவதைவிட உண்மை வேகம் பத்து சதவீதம் போல அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேயிலை மலை மெத்தை போலத் தெரிகிறதே, அங்கே இறங்கலாமா? – வாசகர், பண்டாரவளை

மேலிருந்து பார்ப்பவருக்குத்தான் மெத்தை. கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் குட்டையாக நறுக்கிய, மலையில் கால் இடறியவரைக் கேளுங்கள். அடித்தண்டு இரும்பு, இடையிடையே கான், அதாவது வடிகால். சக்கரம் கானில் இறங்கினால் விமானம் கவிழும். வேறு வழியில்லையென்றால் சரிவில் மேல்நோக்கி இறங்குவேன். எரிபொருளையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, கதவைச் சற்றுத் திறந்து வைப்பேன். விமானத்தின் சட்டகம் நசுங்கினால் கதவு இறுகிவிடும். இடுக்கில் சப்பாத்தைச் செருகச் சொல்லித்தான் எனக்குப் பாடம். காசல்ரீ நீர்த்தேக்கமா? சக்கரம் நீரில் பட்டதும் குப்புறக் கவிழக்கூடும்.

2020 ஜனவரி 3ஆம் திகதி எங்கள் ஊரில் விமானப்படையின் வை-12 விமானம் விழுந்து நால்வர் இறந்தார்கள். சிறிய விமானங்களில் கறுப்புப் பெட்டி இல்லாவிட்டால் காரணத்தை எப்படி அறிவார்கள்? – வாசகி, அப்புத்தளை

அந்த விபத்தைப் பற்றி ஊகம் சொல்ல மாட்டேன். பொதுவாக முதலில் பார்ப்பது உந்துவிசிறியை. எஞ்சின் வேலை செய்தபடி மோதினால் அலகுகள் முறுக்கி வளைந்து, குறுக்கே கீறல் விழுந்திருக்கும். நின்றுபோயிருந்தால் ஓர் அலகு பின்னுக்கு மடங்கி, மற்றது நேராகவே இருக்கலாம். ஆகவே துண்டுத் தகரத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1990க்கும் (அம்புலன்ஸ்) 119க்கும் (பொலிஸ்) அழையுங்கள். அறுந்த மின்கம்பியை நெருங்காதீர்கள், பீடியை அணைத்துவிடுங்கள்.