நீர்ப்பறவைகளை நிழலுருவாக எடுப்பது: பினாங்கு நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கொக்கு, நாரை, உள்ளான் போன்றவற்றைச் சூரியனுக்கு எதிரே வைத்துக் கறுப்பு உருவமாக எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணே, சூரியனைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். ஆனாலும் கொக்கு சாம்பல் நிறமாக வருகிறது, வானம் வெளுத்துப்போகிறது. ஏன்? (பட்டர்வொர்த்)

கேமரா பறவையின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது, தம்பி. நீங்கள் வானத்தை அளக்க வேண்டும். சூரியனுக்குச் சற்றுத் தள்ளி, பளிச்சென்று இருக்கும் இடத்தில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து அளந்து, அந்த அளவைப் பூட்டிவிடுங்கள். அது சிரமமாக இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) 1 முதல் 2 ஸ்டாப் வரை குறையுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். அப்புறம் கணினியில் இருட்டுப் பகுதியை வெளுக்க வைக்காதீர்கள். அங்கே விவரம் தேவையில்லை.

எனக்குக் கறுப்பாகவே வருகிறது. ஆனால் அது பறவையா, கட்டையா என்று வீட்டில் கேட்கிறார்கள்! (பாயான் லெப்பாஸ்)

இதுதான் முக்கியமான கேள்வி, தங்கச்சி. நிழலுருவில் நிறமும் இறகும் கண்ணும் போய்விடும்; மிஞ்சுவது விளிம்பு மட்டும்தான். அந்த விளிம்பைப் பார்த்தே பறவை இன்னதென்று தெரிய வேண்டும். அதனால் அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். கேமராவை நேரே பார்க்கும் கொக்குக்கு அலகே இருக்காது.

பிறகு இடைவெளிகளைத் தேடுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே, வளைந்த கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே, பறவைக்கும் பக்கத்துப் பறவைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டு பறவைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அங்கே ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தாலே பல நேரம் சரியாகிவிடும். எதிர்க்கரை மரவரிசை கழுத்தை வெட்டினால் உங்கள் உயரத்தை மாற்றுங்கள். தாழ உட்கார்ந்தால் தலை வானத்துக்குப் போகும். வரப்பில் ஏறி நின்றால் முழுப் பறவையும் மின்னும் தண்ணீருக்குள் வரும். இரண்டுமே நல்லதுதான், பாதிப் பாதியாக நிற்பதுதான் கெடுக்கும்.

பழக நத்தைகொத்தி நாரையை எடுங்கள். தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கமுள்ள செபராங் பிறை வயல்களில் நத்தை தேடி வருகிறது. வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்துக்குள் ஆரஞ்சு வானம் தெரிந்தால் படம் தேறிவிட்டது. இளம் பறவைக்கு அந்தச் சந்து இருக்காது, பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தெலுக் ஆயர் தாவார் கரைக்கு எந்த மாதம் போகலாம்? (நிபோங் திபால்)

அந்தக் கரை மேற்கே பார்ப்பது, எதிரே பினாங்குத் தீவு. டிசம்பரில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து கொடிமலைப் பக்கம் இறங்கும். மலை மறைப்பதால் வட்டச் சூரியன் சீக்கிரமே போய்விடும். ஜூனில் வடமேற்கே திறந்த கடலில் இறங்கும், ஆனால் அப்போது வலசை வரும் பறவைகளில் பெரும்பாலானவை வடக்கே போயிருக்கும். அதனால் நான் சொல்வது மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் பாதியும். சூரியன் தீவின் வடகரையைத் தாண்டிக் கடல் பக்கம் வந்திருக்கும். நீண்டு வளைந்த அலகுடைய குதிரைமலைக் கோட்டான் போன்றவையும் இன்னும் இருக்கும்.

அலை அட்டவணையையும் பாருங்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் பறவைகள் சேற்றுவெளியில் வெகுதூரம் போய்விடும். ஏறும் தண்ணீர் அவற்றைக் கரைக்குத் தள்ளும். அந்த நேரமும் ஏழரை மணி வாக்கில் வரும் அஸ்தமனமும் சேர்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. முடியுமா, அண்ணே? (ஆயர் ஈத்தாம்)

முடியும். எச்டிஆரை (வெளிச்சத்தையும் இருட்டையும் சமப்படுத்தும் வசதி) அணைத்துவிடுங்கள், அது நிழலை வெளுக்க வைக்கும். வானத்தில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் குறையுங்கள். பெரிதாக்கிப் பிடிக்க முயல வேண்டாம். பெரிய வானத்தில் சிறிய பறவையாக வையுங்கள். அது பார்க்கும் பக்கம் அதிக இடம் விடுங்கள்.

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பறக்கும் கொக்கு மங்கலாகவே வருகிறது. கைதட்டிக் கிளப்பினால் கூட்டமாகக் கிளம்புமே? (பாலிக் புலாவ்)

வேண்டாம், ஐயா. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை இங்கே தின்று, இளைப்பாறித்தான் திரும்பிப் போக வேண்டும். கிளப்பிவிட்டால் அந்தத் தெம்பு வீணாகும். மாலையில் அவை கூடடையத் தாமாகவே பறக்கும், அந்த வழியில் காத்திருங்கள்.

ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதற்கும் விரைவாக இருக்கட்டும். தொடர்ச்சியாக எடுத்து, இறக்கை மேலே உயர்ந்ததையோ கீழே இறங்கியதையோ வைத்துக்கொள்ளுங்கள். சமமாக விரிந்த இறக்கை பக்கவாட்டில் வெறும் கோடாகிவிடும். கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும், நாரை நீட்டிப் பறக்கும். கறுப்பு உருவத்திலும் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

ஒன்று, ஐயா: உங்கள் கேமராவில் கண்ணாடி வழியே பார்க்கும் வ்யூஃபைண்டர் என்றால், நீண்ட லென்ஸில் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். பின்திரையைப் பார்த்தே எடுங்கள்.

மேகமூட்டம் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா? (ஜெலுத்தோங்)

திரும்பாதீர்கள். வெளுத்த வானத்தில் எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் கூட்டுங்கள், பின்னணி வெள்ளையாகும். கணினியில் கறுப்பை மட்டும் ஆழமாக்குங்கள். வலையைக் கட்டிய கம்பத்தில் இறக்கை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்துக்கு எனக்கு அந்த வெள்ளைதான் பிடிக்கும், செவ்வானத்தைவிட.